எதிர்க்கரையில் பத்து நாள்

விடுமுறையைக் கழிப்பதற்காக நான் எடுத்த வீட்டின் யன்னலில் நின்று பார்த்தால், நான் குடியிருந்த வீடு தெரியும். இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மட்டக்களப்பு வாவி கிடந்தது, அவ்வளவுதான். தோணியில் ஏறி ஒரு சுருட்டைப் பற்றவைத்தால் அது முடிவதற்குள் அக்கரை வந்துவிடும்.

நான் புத்தி பேதலித்து இந்த வேலையைச் செய்யவில்லை. காரணம் இருந்தது. காரணம் நல்லதாக இருந்தும் காரியம் நாசமாய்ப் போனதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் இரண்டாம் கிளாக்கராக இருந்தேன். கலியாணம் முடித்து நாலு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பகுதியில் வீடு என்பது பெண்ணின் சொத்து. பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைச் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டியதுதான். அடுத்த மகளுக்குக் கலியாணம் பேசும்போது பெற்றவர்கள் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு அங்கே மாறிவிடுவார்கள். என் மனைவியோ ஒரே பிள்ளை. மாமாவும் மாமியும் மாறிப் போக வேறு வீடும் இல்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தண்ணீரைப் பார்த்தபடி இருந்த அந்தச் சின்ன வீட்டில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம்.

மாமியைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். மீனில் நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான். ஆனால் நாலு வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களுக்குள் அது வழக்கம். மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை. சொல்ல வேண்டியதை மாமாவிடம் சொல்வார். மாமா இல்லாவிட்டால் மகளிடம். இருவரும் இல்லாவிட்டால் வாசலில் படுத்திருக்கும் நாயிடம். "சோறு ஆறுது" என்று நாய்க்கு அறிவித்தால் நான் எழுந்து போய்ச் சாப்பிட உட்கார வேண்டும். நானும் பதிலை நாயைப் பார்த்தே சொல்லிப் பழகியிருந்தேன். எங்கள் வீட்டு விஷயம் முழுவதும் தெரிந்தது அந்த நாய்க்குத்தான்.

அந்த வருடம் பதுளையில் பெரிய கிளாக்கர் வேலை ஒன்று காலியாயிற்று. எங்கள் கந்தோரின் வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டுப் போகிறாயா என்று கேட்டார். இப்போதே பதில் வேண்டாம், ஆவணியில் லீவு எடுக்கிறாய்தானே, முடித்துவிட்டு வரும் நாளில் ஓம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கொடு என்றார். எனக்கு அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கக் கை துடித்தது. இருபது வருடம் கழித்துக் கிடைக்கக்கூடிய கதிரை அது. ஆனால் மனைவி வரவேண்டுமே. அவள் தாயை விட்டு ஒரு நாளும் வெளியில் தங்கியதில்லை. சித்தாண்டித் திருவிழாவுக்குப் போனாலும் பொழுது படுமுன் வண்டியைத் திருப்பச் சொல்பவள். அவளைப் போய்ப் பதுளை மலைக்கு வா என்றால் வருவாளா?

துரையின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு படத் தபாலட்டை இருந்தது. பனி மூடிய மலைகள். அடிவாரத்தில் ஒரு கிராமம். அதில் மரத்தால் கட்டிய ஒரு கிழட்டு வீடு. ஊருக்குப் போயிருந்தபோது அந்த வீட்டின் மேல்மாடியை எடுத்துக்கொண்டு அவரும் மனைவியும் பத்து நாள் இருந்தார்களாம். முந்நூறு வருடத்து வீடு என்றார். நாங்கள் இரண்டு பேர் மட்டும், வேறு ஒரு மனுஷர் இல்லை என்றார். அந்த "இரண்டு பேர் மட்டும்" என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. பத்து நாள் எங்காவது தனியாக இருந்து பழகிவிட்டால் பத்து வருடமும் இருந்துவிடலாம் என்று அவளுக்கே தெரிந்துவிடாதா?

எங்களுக்குப் பனிமலை ஏது! பட்டினத்தின் ஓரத்தில், வாவிக்கரையில் ஒல்லாந்தர் காலத்து வீடு ஒன்று இருந்தது. கீழே ஒரு பறங்கி விதவை இருந்தார். ஊரார் அவரை நோனா என்பார்கள். மேல்மாடியை நல்ல குடும்பங்களுக்கு விடுமுறைக்குக் கொடுப்பார். அக்கரைதானே என்றால் அவளும் மறுக்க மாட்டாள் என்று நான் போய்ப் பேசி முடித்தேன்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் வேறு வீடு எடுத்தான் என்றால் அதற்கு இரண்டே அர்த்தம்: பெண்சாதியை விட்டுவிட்டான், அல்லது சீதன வீட்டில் குறை கண்டுவிட்டான். ஆகவே "வீடு" என்ற சொல்லை நான் வாயிலேயே எடுக்கக் கூடாது. இரண்டு நாள் யோசித்து ஒரு சொல்லைக் கண்டுபிடித்தேன். அரசாங்க உத்தியோகத்தர்கள் வெளியூர் போனால் தங்கும் கட்டடத்தை வாடிவீடு என்பார்கள். அதில் வாலை வெட்டிவிட்டேன்.

"மாமா, அக்கரையில ஒரு வாடி மாதிரி ஒண்டு கிடைச்சிருக்கு" என்றேன் சாப்பிடும்போது. "லீவுக்கு அவளக் கூட்டிப் போய்ப் பத்து நாள் இருந்திட்டு வாறன்."

வாடி என்றால் எங்களுக்கு வட்டையில், அதாவது வயல்வெளியில், வேளாண்மைக் காவலுக்குப் போடும் குடில். கிடுகு வேய்ந்து, மண்ணில் பாய் விரித்துப் படுப்பது. அது வீடு இல்லை. யாரும் அதில் குறை நிறை பார்ப்பதில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "வாடியில இருக்க ஆசையெண்டா எங்கட வட்டை வாடி கிடக்கே, மருமகன். நெல்லு வெட்டுக் காலம்தானே. வெல்லாவெளிக்கு வாங்களன்."

"இல்ல மாமா, அவளுக்கு ஆத்தங்கரைக் காத்து ஒள்ளுப்பம் பட்டா நல்லது" என்றேன். வாவியை நாங்கள் ஆறு என்போம். அவளுக்கு ஒரு நோயும் இருக்கவில்லை.

குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் நாயிடம் போயிற்று. "வாடிக்குப் போற புள்ளைக்குப் பானை சட்டி எல்லாம் கட்ட வேணும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும். புறப்படும் காலையில் கரைக்குப் போனால் தோணி பாதி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இரண்டு பன்பாய். மண்பானை ஒன்று, சட்டி இரண்டு. தேங்காய்த் திருவலை. உரித்த தேங்காய் ஒரு கட்டு. கடகம் நிறையக் கருவாடு. அரிசி மூட்டை. அரிக்கன் லாம்பு. எல்லாவற்றுக்கும் மேலே கறுத்த கல் மூன்று.

"கல் என்னத்துக்கு?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அடுப்புக்கு. ஆத்தங்கரை மணலில கல் கிடைக்காதாம். அம்மா சொன்னா."

இனி எதைச் சொல்ல? மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துரையும் துரைசாணியும் பனிமலைக்குப் போனபோது அடுப்புக் கல் கொண்டுபோனார்களா என்று நினைத்துக்கொண்டு தோணியில் ஏறினேன்.

நோனா படிக்கட்டின் அடியில் நின்று வரவேற்றார். வெள்ளைச் சட்டை, காதில் பொன் கம்மல், கையில் சாவிக் கொத்து. தோணிக்காரர் கருவாட்டுக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர் முகம் மாறியது.

"கிளாக்கர், இது என்ன?"

"கருவாடு, நோனா."

"இந்த மரமெல்லாம் நூற்றைம்பது வரியத்து மரம். கருவாட்டு மணம் உள்ள போனா இனிமே வெளிய வராது. கீழ, மாட்டுக் கொட்டில்ல வையுங்க. சட்டி பானையும் அங்கதான்."

அரிசி, பானை, திருவலை, கல் எல்லாம் மாட்டுக் கொட்டிலுக்குப் போயின. பாய்களை மட்டும் என் மனைவி விடவில்லை. நல்ல காலம். ஏனென்றால் மேலே அறைக்குள் போனதும் நோனா முதலில் காட்டியது கட்டிலை. கறுப்பு மரம், நாலு கால், மேலே விதானம், ஏறுவதற்கு ஒரு சின்னப் படி. அதைப் பார்த்துத்தான் நான் அந்த இடத்தையே பேசி முடித்திருந்தேன்.

"ஒல்லாந்தக் கப்பித்தான் படுத்த கட்டில்" என்றார் நோனா. "இதில ஒருத்தரும் படுக்கிறதில்ல."

"அப்ப நாங்க?"

"நீங்க பாய் கொண்டு வந்திருக்கிறீங்கதானே."

கதிரை இரண்டு இருந்தது. அதில் ஒன்றில் உட்காரக் கூடாது. அலமாரி இருந்தது, திறக்கக் கூடாது. பலகைத் தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது. மேற்குப் பக்க யன்னலை அரைவாசிக்கு மேல் திறக்கக் கூடாது, கீல் ஒல்லாந்துக் கீல். ஈரச் சேலையை முன்பக்கம் காயப் போடக் கூடாது, தெருவால் போகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள். குசினிப் பக்கம் போகவே வேண்டாம். சாப்பாடு அவரே தருவார். காலையில் பாண் ரொட்டி, மத்தியானம் பாணும் இஸ்டூ என்ற வெள்ளைக்காரக் குழம்பும், பின்னேரம் மத்தியான இஸ்டூவின் மிச்சம். மூன்றாம் நாள் என் மனைவி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "சோத்தைக் கண்டு எத்தனை நாளாச்சு" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அவளிடம் அதை ஒத்துக்கொள்ள முடியுமா? "பழகிக்கொள்ள வேணும் புள்ள, ஊர் உலகத்தில எல்லாரும் இதைத்தான் சாப்பிடுறாங்க" என்று எரிந்து விழுந்தேன்.

இதெல்லாம் போதாதென்று கச்சான் காற்று. ஆவணியில் மேற்கேயிருந்து வரும் அந்த அனல் வாவியைத் தாண்டி வந்தும் சூடு ஆறாது. அது உள்ளே வரும் வழி மேற்குப் பக்க யன்னல். அதை மூடினால் ஓரளவு இருக்கலாம். அவள் மூட விடவில்லை. எங்கள் வீடு தெரிவது அந்த யன்னலால்தான்.

விடிந்ததும் போய் நிற்பாள். "அம்மா இப்பத்தான் அடுப்பு மூட்டுறா" என்பாள். எனக்குத் தென்னை மரங்களுக்கு மேலே ஒரு சாம்பல் கோடு தெரியும். அவளுக்கு அதில் சமையலே தெரிந்தது. "பச்சை விறகு போல. ஒரே புகை." "இண்டைக்கு நெல் அவிக்கிறா." "அப்பா இல்லைப் போல, நேரத்தோட அணைச்சிட்டா." தாயை விட்டுப் பழக வேண்டும் என்று கூட்டிவந்தவளைத் தாய்க்கு நேர் எதிரே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்! என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் பதுளைக் கதையை எடுத்தேன். வேலை பெரியது, காற்று குளிர்ச்சி, கந்தோரே இருக்க இடம் தரும், இரண்டு பேருக்கும் தாராளம் என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன். லீவு முடியும் நாளில் நான் பதில் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். அவள் யன்னலை விட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"பதுளையில இருந்து பாத்தா எங்கட வீடு தெரியுமா?"

"அது எங்கேயோ கிடக்கு! மலைக்கு அங்கால!"

"புகை?"

நான் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கீழே இறங்கினேன். ஒல்லாந்துக் கதவை அப்படிச் சாத்தக் கூடாது என்று நோனா முற்றத்திலிருந்து சத்தம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் முடிந்ததும் நோனா தன் சொந்தக்காரர் ஆறேழு பேரோடு மேலே வந்தார். கதவைத் தட்டவுமில்லை. நான் சட்டையில்லாமல் கொடித் துணிக்குப் பின்னால் நிற்க, என் மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "முந்நூறு வரியம்" என்று நோனா சொல்வது கேட்டது. வந்த அன்று நூற்றைம்பதாக இருந்தது. ஒரு பெண்மணி எங்கள் பன்பாயைக் குனிந்து பார்த்து, இதுவும் ஒல்லாந்தர் காலத்ததா என்று கேட்டார்.

மறுநாள், ஐந்தாம் நாள், தோணிக்காரர் மாமி கொடுத்தனுப்பிய மீனோடு வந்தார். கீழே யாரும் இல்லாததால் நேரே மேலே ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்று விதானக் கட்டிலைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். கூரை மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கிளாக்கர் தம்பி, இதையா வாடி எண்டீங்க?"

"ஆருக்கும் சொல்லிப் போடாதீங்க" என்றேன்.

"நான் என்னத்துக்குச் சொல்லப் போறன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்தது, தோணி கரை தட்டுமுன் படுவான்கரை முழுவதற்கும் தெரிந்துவிடும் என்று. ஆனாலும் தெரிந்தால்தான் என்ன, நல்ல இடத்தில்தானே மகளை வைத்திருக்கிறான் என்று சந்தோஷப்படுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சொன்ன பொய்யை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் பாணையும் இஸ்டூவையும் பார்த்துவிட்டு என் மனைவி எழுந்து கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து நோனாவின் அலறல் கேட்டது. ஓடினேன். மாட்டுக் கொட்டிலுக்கும் பின்மதிலுக்கும் நடுவில் அந்த மூன்று கல்லையும் வைத்து நெருப்பு மூட்டியிருந்தாள். பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியில் கருவாடு.

"கிளாக்கர்! உங்கட மிசிஸுக்குச் சொல்லுங்க. இது ஒல்லாந்தன் கட்டின மதில். புகை பட்டாக் கறுத்துப் போகும்!"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி நிமிர்ந்தாள். அவள் உரத்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"இத்தனை வரியம் மழையில நனைஞ்ச மதில், நோனா. ஒரு நேரச் சோத்துக்குச் செத்துப் போகாது. இது என்ட அடுப்பு. நான் இறக்கிப்போட்டுத்தான் அணைப்பன்."

நோனா என்னைப் பார்த்தார். நான் மதிலைப் பார்த்தேன். நாளைக்கே இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்; பிறகு அதை மறந்துவிட்டார் அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டார். நாங்கள் தண்ணீர் ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கருவாட்டுக் கறியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. சொன்னால் பிரளயம் வரும் என்று பேசாமல் விழுங்கினேன்.

"உப்புக் கூடிப்போச்சு" என்றாள் அவளே. சிரித்தாள். "நாலு வரியத்தில நான் தனியா ஆக்கின முதல் கறி இது. அங்க அம்மா என்னை அகப்பை தொட விடமாட்டா. நான் தேங்காய் திருவுவன், வெங்காயம் உரிப்பன், அவ்வளவுதான்."

எனக்கு இது தெரியாது. ஒரே வீட்டில் நாலு வருடம் இருந்திருக்கிறேன். தாயின் அடுப்படியை விட்டு அவளால் வர முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த அடுப்படியில் அவளுக்கு இடமே இல்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவள் சட்டியைக் கழுவிக்கொண்டு கேட்டாள். "பதுளையில தாற வீட்டில குசினி இருக்குமா?"

"இல்லாமலா?"

"எனக்கெண்டு?"

"வேற ஆர் இருக்கா அங்க?"

கொஞ்ச நேரம் சட்டியைத் தேய்த்தாள். "அப்ப வாறன்" என்றாள்.

அந்தக் கட்டிலில் ஏறிக் குதிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. காற்றும், பாணும், நோனாவும் ஒரே நொடியில் பொறுத்துக்கொள்ளக்கூடியவையாகிவிட்டன. துரைக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். நல்ல இங்கிலீஷில் வந்தது.

எட்டாம் நாள் காலையில் அவள் யன்னலில் நின்று, "இண்டைக்குப் புகை இல்லை" என்றாள்.

"வெட்டுக் காலம்தானே. மாமாவோட வட்டைக்குப் போயிருப்பா."

"அம்மா வெட்டுக்குப் போறதில்ல."

"இந்த வருசம் போயிருப்பா. எல்லாத்துக்கும் நீ ஒண்டு சொல்லுவாய்."

மத்தியானமும் புகை இல்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. தோணியும் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். பத்து நாள் என்று வந்தால் பத்து நாள், இப்படி ஒவ்வொரு புகைக்கும் ஓடினால் பதுளையில் என்ன செய்வாய் என்று மறித்துவிட்டேன். வாழ்க்கையில் நான் பேசிய பேச்சுகளில் திருப்பி விழுங்க முடியுமென்றால் இதைத்தான் விழுங்குவேன்.

பத்தாம் நாள் காலையில் தோணிக்காரர் வந்தார். வழக்கமாக வாய் ஓயாத மனுஷர், நடு வாவி வரை துடுப்பையே பார்த்துக்கொண்டு வலித்தார். என் மனைவிதான் கேட்டாள், அம்மாவுக்குச் சுகமில்லையா என்று.

"சுகத்துக்கு என்ன" என்றார். "அங்க உங்கட வட்டை வாடியில இருக்கிறாங்க. உங்கட அப்பாவும்தான். இனிமே அங்கதானாம்."

"என்ன கதை இது?" என்றேன்.

அவர் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் இடத்தைப் பத்திச் சொன்னன், தம்பி. மெய்தானே, பெரிய இடம். உங்கட மாமி கேட்டுக்கொண்டே இருந்தா. மறுகா சொன்னா, மருமகன் வாய் திறந்து குறை சொல்லேல்ல, வாடியெண்டு மறைச்சுக்கொண்டு போய் வீடெடுத்து இருக்கிறாரெண்டா எங்கட வீடு அவருக்குக் காணாது, நாங்க இருந்து இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்கிறம் எண்டு. ரெண்டு நாளில சுண்ணாம்பு அடிச்சு முடிச்சா. மூண்டாம் நாள் வண்டி கட்டிப் போயிட்டாங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

வீடு பளிச்சென்று இருந்தது. சுவர்களில் சுண்ணாம்பு இன்னும் மணத்தது. மாமா மாமியின் அறையில் ஒரு பெட்டியும் இல்லை. கூட்டித் துடைத்து, எங்களுக்கென்று ஒரு புதுப் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நாயையும் கூட்டிப் போய்விட்டார்கள். என் மனைவி நேரே குசினிக்குள் போனாள். அடுப்பு புதிதாக மெழுகியிருந்தது. சாம்பலை ஒரு பொட்டு விடாமல் அள்ளியிருந்தார்கள். பானை, சட்டி, அகப்பை எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒன்றைக்கூட மாமி எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவள் அங்கேயே குந்தி நெடுநேரம் அழுதாள். பிறகு எழுந்து அடுப்பை மூட்டினாள். தன் வீட்டில், தன் கையால், முதல் தரமாக. நான் வாசற்படியில் நின்றேன்.

"பதுளைக்கு..." என்று தொடங்கினேன்.

"எனக்கெண்டு எழும்பிப் போனவங்க அங்க மண்ணில கிடக்க, நான் இந்த வீட்டைப் பூட்டிப்போட்டு மலைக்கு வரவா? ஆர் விளக்கு வைக்கிற இஞ்ச?" ஊதுகுழலை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அடுப்பும் கிடைச்சிட்டு."

திங்கட்கிழமை கந்தோரில் பதில் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. சாப்பிட்டும் சாப்பிடாமலும் வண்டி பிடித்து வெல்லாவெளிப் பக்கம் வட்டைக்குப் போனேன். அவர்களை எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அவளும் பழையபடி வருகிறேன் என்பாள் என்று வழி நெடுகக் கணக்குப் போட்டேன். என்ன சொல்வது என்றும் ஒத்திகை பார்த்தேன். வீட்டில் குறை கண்டு நான் போகவில்லை, மாமி. சரி, பிறகு ஏன் போனாய் என்று கேட்டால்? மெய்யைச் சொல்ல வேண்டும். உங்கள் மகளை உங்களிடமிருந்து பிரித்துப் பழக்கத்தான் போனேன் என்று சொல்ல வேண்டும். பாதி வழியில்தான் அது எனக்கு உறைத்தது. அவர்கள் நினைத்திருந்த பிழையான காரணம் என்னுடைய மெய்யான காரணத்தை விட எவ்வளவோ நல்லதாக இருந்தது.

வாடி வரம்போரத்தில் இருந்தது. கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் மாமா மண்ணில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். எழுந்து என்னை அந்தச் சாக்கில் உட்கார வைத்துவிட்டு அவர் வெறும் மண்ணில் உட்கார்ந்தார். மறைப்புக்கு அங்கால் மாமி நிற்பது சேலை அசைவில் தெரிந்தது. நாலு முழம் தூரம்கூட இல்லை.

"மாமா, வீட்டுக்கு வாங்க" என்றேன். "இது என்ன கோலம்?"

"இஞ்ச காத்து நல்லம், மருமகன்" என்றார் மாமா. "நீங்க தானே சொன்னீங்க, காத்து நல்லதெண்டு." அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படியே நம்பிச் சொன்னார்.

"அப்பிடி இல்ல மாமா. நான் அந்த இடத்தை எடுத்தது..."

அதற்கு மேல் வரவில்லை. மாமா காத்துக்கொண்டிருந்தார். மறைப்புக்கு அங்காலும் காத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த வயலில் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. நான் வாயைத் திறப்பேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் நம்பிக்கை இருந்தது.

கடைசியில் மாமிதான் பேசினார், மாமாவிடம். "அடுப்பு நல்லா எரியுதா எண்டு கேளுங்க."

"எரியுது" என்றேன்.

"மருமகனுக்கு இனி ஏதும் குறை இருக்கா எண்டு கேளுங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். நான் கேட்காதது போல, சொல்லுக்குச் சொல் அப்படியே கேட்டார். "உங்களுக்கு இனி ஏதும் குறை இருக்கா, மருமகன்?"

"ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லுங்க, மாமா."

"ஒரு குறையும் இல்லையாம்" என்று மாமா கிடுகைப் பார்த்துச் சொன்னார்.

உள்ளே மாமி அழத் தொடங்கினார். நான் எழுந்து நின்றேன். மாமா என் கையைப் பிடித்து, பயப்பட வேண்டாம், அது சந்தோஷத்தில் வாற அழுகை என்றார்.

பதுளைக்கு மூன்றாம் கிளாக்கர் போனார்.